‘யார்’ காட்டின நம்பர்

...சொல்லாம கொள்ளாம மாத்திடுறாங்க, அதான் என் ஆத்திரம். மாத்தட்டும், வேணாங்கல. ஆனா மாத்துனவன் அமெரிக்காவுல காலு மேல காலு போட்டு உக்காந்திருக்கான், இங்க முழிக்கிறது நாங்க. அந்தப் பைய இப்படிக் குடுங்க, நான் வச்சுக்கிறேன். ஆங், இப்ப கால நீட்டுங்க. கம்பெனி பஸ்ஸுன்னுதான் பேரு, சீட்டெல்லாம் கிண்டர்கார்ட்டன் பிள்ளைங்களுக்குச் செஞ்சது லா.

நீங்க கிளினிக்குக்கு வந்திருக்கிற புது நர்ஸ் மிஸ்ஸிதானே? பேரு தங்கம். தெரியும், தெரியும். குவீன்ஸ்டவுன்ல எங்க பிளாக்குதான், ஆறாவது மாடி. போன சனிக்கெழம உங்க அலமாரி லிஃப்ட்டுக்குள்ள போகமாட்டேன்னு நின்னுச்சே, அப்ப ஒரு பக்கம் புடிச்சாரே மீசக்காரரு, அவருதான் என் வீட்டுக்காரரு எட்மண்ட். ராத்திரி பூரா இடுப்புல கோடாலித் தைலம். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க. நான் பிரிஜட். கப்பல் பட்டறை ஆபிஸ்ல கம்ப்யூட்டர் ரூம். ஜூரோங்லேர்ந்து வீட்டுக்கு முக்கா மணி நேரம் ஆகும். எம்ஆர்டி ரயிலுக்கு ரோட்டத் தோண்டிப் போட்டிருக்காங்க, கூடவே ஆகும். பேசிக்கிட்டே போகலாம்.

என்ன மாத்துனாங்களா? கெர்னல். கெர்னல்னா... எப்படிச் சொல்றது. எங்க மெஷின்ல ஒரே சமயத்துல இருவது புரோகிராம் ஓடும். எதுக்கு எவ்வளவு நேரம், எதுக்கு எவ்வளவு எடம்னு எல்லாத்தையும் கட்டி மேய்க்கிற பெரிய புரோகிராம் ஒண்ணு இருக்கு, அதான் கெர்னல். அது உள்ளுக்குள்ள ஒரு ரிஜிஸ்டர் வச்சிருக்கும், உங்க வார்டு ரிஜிஸ்டர் மாதிரி. மொதக் கட்டத்துல புரோகிராம் பேரு, ரெண்டாவதுல அத ஓட்டுறவங்க பேரு, மூணாவதுல அதோட நம்பர். அந்த ரிஜிஸ்டர எட்டிப் பாத்து ஸ்கிரீன்ல காட்டறதுக்குன்னு எங்ககிட்ட டூல்ஸ் இருக்கு. ஏதாவது ஒண்ணு மாட்டிக்கிட்டு நகராம கெடந்தா, டூல்ல அதோட நம்பரப் பாத்து, அந்த நம்பர அடிச்சு நிறுத்திடலாம்.

ஆனா பாருங்க, டூலுக்குப் படிக்கத் தெரியாது. மூணாவது கட்டம் நம்பர்னு நாம சொல்லி வச்சா, அந்தக் கட்டத்துல என்ன இருக்கோ அத அப்படியே அள்ளிக்கிட்டு வரும். இவனுங்க புது கெர்னல் அனுப்புறேன்னுட்டு நடுவுல புதுசா ஒரு கட்டத்தச் சொருகிட்டானுங்க. நம்பர் நாலாவதுக்குப் போயிருச்சு. டூல் பாவம், அது பாட்டுக்கு இன்னும் மூணாவதுலயே கைய விடுது.

புரியலையா? சரி, எங்க கோயில் பாட்டுப் புஸ்தகக் கதையக் கேளுங்க. போன வருஷம் புதுசா அச்சடிச்சாங்க, நடுவுல பதினாலு பாட்டச் சேத்தாங்க. பாதிப் பேருகிட்ட புதுசு, பாதிப் பேருகிட்ட பழசு. எங்க பிலோமினம்மாள் மக கல்யாணம். கொயர் மாஸ்டர் சுவிசேஷமுத்து எந்திரிச்சு, நூத்திப் பன்னெண்டுங்கிறாரு. புதுப் புஸ்தகத்துல அது கல்யாணப் பாட்டு. பழசுல சாவுப் பாட்டு. பாதிக் கோயில் மணமக்கள வாழ்த்துது, பாதிக் கோயில் பொட்டிய அடக்கம் பண்ணுது. மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்களே, அவங்க மட்டும் ரெண்டாவது பாட்டுதான் உருக்கமா இருந்துச்சுன்னு சொன்னாங்க.

நான் எந்தப் புஸ்தகமா? அது... அது இப்ப முக்கியம் இல்ல.

விஷயம் என்னன்னா, கெர்னல் மாறினா டூல்ஸும் கூடவே மாறணும். ஒவ்வொண்ணையும் எடுத்து, புதுக் கட்டம் எதெது எங்கங்க இருக்குன்னு சொல்லி, மறுபடி செஞ்சு வைக்கணும். அது ரெண்டு நாள் வேல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ மெஷின் கம்பெனிக்காரன்கிட்டேர்ந்து புது கெர்னல் டேப் வருது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இதே கூத்து. இப்ப வந்த டேப்போட ஒரு புஸ்தகமும் வந்துச்சு. இவ்ளோ தடி. அதுல போட்டிருக்காங்களான்னு கேக்குறீங்களா? போட்டிருக்காங்க... நாப்பத்தோராம் பக்கத்துல. சின்ன எழுத்துல. “ரிஜிஸ்டரப் பாக்குற எல்லா டூலையும் மறுபடி செய்யவும்”னு. சரி, சொல்லாம மாத்துனாங்கன்னு நான் சொன்னது தப்புதான். சொன்னாங்க. ஆனா சொல்றதுக்கு ஒரு மொற வேணாமா?

இந்த வாரம் நடந்ததக் கேளுங்க. எங்க ரூம்ல மருதப்பன்னு ஒரு ஆபரேட்டர். ஐம்பது வயசு இருக்கும், நான் மருதப்பண்ணேன்னுதான் கூப்புடுவேன். தஞ்சோங் பகார் துறைமுகத்துல பன்னெண்டு வருஷம் கிரேனுக்குக் கை காட்டுற வேல பாத்தவரு. தோள்பட்ட போயிருச்சு. வேற ஒருத்தரா இருந்தா வீட்டுல உக்காந்திருப்பாரு, இவரு நாப்பத்தஞ்சு வயசுல இங்கிலீஷ் பாடம் படிச்சு, கம்ப்யூட்டர் பாடம் படிச்சு, பரீட்ச எழுதி இங்க வந்தாரு. கிரேன்ல ஒரு விரல் தப்பாக் காட்டுனா கீழ நிக்கிறவன் தல மேல சரக்கு விழும் மிஸ், எனக்கு அந்த பயம் இன்னும் போகலன்னு சொல்லுவாரு. எத அடிச்சாலும் லாக் புக்ல எழுதிட்டுத்தான் அடிப்பாரு. நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு.

செவ்வாக்கெழம காலையில ஏழு மணிக்கு பெரிய கணக்கு ஒண்ணு ஓட விட்டாங்க. கப்பலுக்கு இரும்புத் தகட எப்படி எப்படி வெட்டினா மிச்சம் கம்மியா வரும்னு போட்டுக் குடுக்குற கணக்கு. ஒம்பது மணி நேரம் ஓடும். ஓட ஓட, அதுவே சின்னதா ஒரு பிரிண்ட் புரோகிராமக் கெளப்பி விட்டு, முடிஞ்ச பக்கத்தையெல்லாம் அச்சடிக்கும். மூணு மணிக்கு அந்தப் பிரிண்ட் மாட்டிக்கிச்சு. மருதப்பண்ணே டூலப் போட்டுப் பாத்தாரு. பிரிண்டுக்கு நேரா எரநூத்திப் பன்னெண்டுன்னு காட்டுச்சு. லாக் புக்ல எழுதுனாரு, எரநூத்திப் பன்னெண்ட நிறுத்துனாரு.

எரநூத்திப் பன்னெண்டு பிரிண்ட் இல்ல. அந்தப் பெரிய கணக்கு.

ஏன்னா இவனுங்க புதுசாச் சொருகுன கட்டம் இருக்கே, அது குடும்ப நம்பர். இந்தப் புரோகிராம் எந்தக் குடும்பம், அதுல மூத்தது யாருன்னு காட்டுறது. பிரிண்டுக்கு மூத்தது அந்தக் கணக்கு. பிள்ள நம்பர்னு நெனச்சுத் தாயோட நம்பர அடிச்சுட்டாரு. எட்டு மணி நேர வேல, ஒரு செகண்டுல போச்சு. மறுநாள் தகடு வெட்டுற ஷாப்ல நாப்பது பேரு மத்தியானம் வரைக்கும் வேல இல்லாம டாம் காய் நகத்திக்கிட்டு இருந்தாங்க.

புதன்கெழம மீட்டிங். மேனேஜர், ஆபரேட்டர் தப்புன்னுட்டாரு. திங்கக்கெழமலேர்ந்து மருதப்பண்ணே ஸ்டோருக்கு. போல்ட்டு நட்டு எண்ணிக் குடுக்குற வேல. அவரு சண்ட போடல. “நான் ஸ்கிரீன்ல இருந்ததத்தான் அடிச்சேன், சார்”னு மட்டும் சொன்னாரு.

அந்த டூல யாரு மறுபடி செய்யாம விட்டதுன்னு கேக்குறீங்களா? அது... இருங்க, வர்றேன். டூல்ஸ் மொத்தம் ஆறு. கம்பெனிக்காரன் குடுத்த ஆறையும் நான் ஒழுங்கா மறுபடி செஞ்சேன். ஆறும் சரியாத்தான் காட்டுது. இது ஏழாவது.

ஏழாவது எங்கேர்ந்து வந்துச்சா? நல்லா கேள்வி கேக்குறீங்க மிஸ்ஸி, ஊசி போடுறதோட நிறுத்த மாட்டேங்கிறீங்க.

ஏழாவது வந்து... வீட்டுச் சமையல்னு வச்சுக்கங்களேன். கம்பெனிக்காரனோட டூலுக்குப் பேரு ரெண்டே எழுத்து, விக்கல் எடுத்த மாதிரி. ஆடி அசஞ்சு வரும், எழுத்தெல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும். அதனால ரூம்லயே ஒருத்தங்க நல்லதா ஒண்ணு எழுதி, அதுக்கு ‘யார்’னு பேரு வச்சாங்க. உள்ள யார் யார் ஓடுறாங்கன்னு கேக்குற மாதிரி. அழகா இருக்கும். சீனப் பிள்ளைங்ககூட ‘யா’, ‘யா’ன்னுக்கிட்டு அதத்தான் அடிப்பாங்க. செவுத்துல நோட்டீஸ்கூட ஒட்டியிருக்கு, எல்லாரும் ‘யார்’ மட்டுமே உபயோகிக்கவும்னு. கீழ ரெண்டு கோடு.

அதான் அவரு அத உபயோகிச்சாரு. நோட்டீஸ்ல இருக்குல்ல.

என்ன, அவரு கிளினிக்குக்கு வந்தாரா? இன்னிக்கா? மருதப்பண்ணே நேத்துலேர்ந்து லீவுன்னு சொன்னாங்களே. ...ஓ. நேத்துக் காலையில வந்தாரா. பிரஷரு அவ்வளவா இருந்துச்சு? சரி, சரி, அதெல்லாம் நீங்க வெளியில சொல்லக்கூடாதுதான், நான் கேக்கல. தூங்கலன்னாரா? ...அத மட்டும் சொல்லுங்க. எத்தன நாளா?

ம்.

செவ்வாக்கெழமலேர்ந்து.

...நான்தான் மிஸ்ஸி. அந்த ஒருத்தங்க. ‘யார்’ நான் எழுதுனது. நோட்டீஸும் நான் ஒட்டுனது. கம்பெனிக்காரன் லிஸ்ட்டப் பாத்து ஆறையும் செஞ்சேன், என்னோடது அந்த லிஸ்ட்ல இல்ல, எனக்கு ஞாபகமே வரல. நான் எழுதுனது தப்பாக் காட்டும்னு மனசுல ஒரு மூலையிலகூட வரல. மீட்டிங்குக்கு முன்னாடி லாக் புக்கப் பாத்தேன். எரநூத்திப் பன்னெண்டுன்னு முத்து முத்தா எழுதியிருக்காரு. பாத்த ஒடனே புரிஞ்சுபோச்சு. உள்ள போயி உக்காந்தேன். மேனேஜர் என் மூஞ்சியப் பாத்து, பிரிஜட், உன் கருத்து என்னன்னாரு. கெர்னல் சொல்லாம கொள்ளாம மாறிடுது சார்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மூணு நாளா அதையேதான் சொல்லிக்கிட்டுத் திரியிறேன், கேண்டீன் ஆயாகிட்டகூடச் சொல்லிட்டேன்.

டூல நேத்தே சரி பண்ணிட்டேன். பதினஞ்சு நிமிஷ வேல. ஒரே ஒரு வரி.

திங்கக்கெழம காலையில மேனேஜர் வர்றதுக்கு முன்னாடி அவரு மேசையில பேப்பர் இருக்கும், என் கையெழுத்தோட. ஸ்டோருக்கு யாராவது போகணும்னா என்ன அனுப்பட்டும். அனுப்ப மாட்டாரு, அடுத்த டேப் வந்தா அவருக்கு யாரு இருக்கா? ஆனா மருதப்பண்ணே திங்கக்கெழம வரைக்கும் தூங்காம இருக்க வேணாம்ல. நாளைக்கி, ஞாயிறு... ரெண்டு நாள் இருக்கே.

இந்த பஸ்ஸு தஞ்சோங் பகார் வரைக்கும் போகும். அங்கதான் அவரு வீடு, எனக்குத் தெரியும், அவரு மக நிச்சயத்துக்குப் போயிருக்கேன். அவரு சம்சாரம், அந்த அக்கா எனக்கு ரெண்டாவது தடவையும் பாயசம் ஊத்துனாங்க. கதவத் தொறந்தா என்ன சொல்லப் போறேன்னு தெரியல. ஆனா கெர்னல்னு ஆரம்பிக்கப் போறதில்ல.

இந்தா, குவீன்ஸ்டவுன் வந்துருச்சு. எந்திரிங்க, எந்திரிங்க, பைய மறந்துடாதீங்க. நான் எறங்கல. மிஸ்ஸி, ஒரு ஒதவி. எங்க வீட்டுக் கதவத் தட்டி, வர லேட்டாகும், அரிசிய அவரையே போடச் சொன்னேன்னு எட்மண்டுகிட்ட சொல்லிருங்க. எங்க போனான்னு கேப்பாரு. பிரிஜட் தன்மேல தப்புன்னு ஒருத்தர்கிட்ட சொல்லப் போயிருக்கான்னு சொல்லுங்க. கதவச் சாத்திட்டுச் சிரிப்பாரு, நம்பமாட்டாரு. இன்னொரு தடவ தட்டிச் சொல்லுங்க.