அவஸ்தை மணி கேட்டு ஓடியவர்கள்

ஓடுகிறார்கள். எங்கள் மணியைக் கேட்டு ஓடுகிறார்கள்.

1965. செப்டம்பர் பன்னிரண்டு. ஞாயிறு. மாலை ஏழு ஆகப் போகிறது. திருச்சியில், ரயில்வே பட்டறைக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். முன்னால் சந்தியாகு நடக்கிறார், எங்கள் மாதா கோயிலில் மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை. இடக்கையில் கண்ணாடி விளக்கு. வலக்கையில் கைமணி. அவருக்குப் பின்னால் சாமியார், நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு அணைத்தபடி. கடைசியில் நான்.

கிண். கிண். கிண். மூன்று அடி. நிறுத்தம். மறுபடி மூன்று.

கதவுகள் படார் படார் என்று திறக்கின்றன. "ப்ளேன் வருது! குழிக்கு ஓடுங்க!" யாரோ என் தோளில் இடித்துப் போகிறார். ஒரு பெண் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். குழந்தை என்று நினைத்து எடுத்திருக்கிறாள். பாதி வழியில் தெரிந்து அலறுகிறாள். திரும்பி ஓடுகிறாள்.

சந்தியாகு மணியை நிறுத்திவிட்டார். ஆனால் ஓட்டம் நிற்கவில்லை.

சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூச, நன்மை என்கிற நற்கருணை அப்பம் கொடுக்க, சாமியார் போவதை நாங்கள் அவஸ்தை என்போம். முன்னால் விளக்கும் மணியும் போகும். மணி கேட்டதும் தெருவில் இருப்பவர்கள் முழங்காலிடுவார்கள். சைக்கிளில் போகிறவன் இறங்குவான். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்த மணி தெரியும். அந்த மணிக்குத்தான் அன்று ஓடினார்கள்.

காரணம் கமிட்டி.

பாகிஸ்தானோடு சண்டை தொடங்கிய வாரம் எங்கள் கோயில் பங்கில் ஒரு பாதுகாப்புக் கமிட்டி போட்டார்கள். தலைவர் ராயப்பன், பட்டறையில் ஃபிட்டர். ஆறரைக்கு மேல் வெளிச்சம் கூடாது என்றார். உத்தரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. விமானம் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தை அடையாளம் வைத்து, காவிரியைத் தாண்டித் திரும்பி, பட்டறையில் குண்டு போடுமாம். வெளிச்சம் தெரிந்தால் எங்கள் தெருவில் போடுமாம்.

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியார். கோபுரத்துக்கு அடியிலேயே குடியிருக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி தெரியாது. ஆசிரியர் அறையில் சொன்னேன். சம்ஸ்கிருத வாத்தியார் ரங்காச்சாரி சிரித்தார். "ஏன் ஓய், அத்தனை தூரம் வரவனுக்கு வழியில பெட்ரோல் யார் போடுவா?" சாயங்காலம் பஸ் ஏறும்போது பார்த்தேன். பெருமாள் கோயிலில் வழக்கம்போல விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருட்டு.

கமிட்டி இன்னொன்றும் செய்தது. விமானம் வந்தால் எச்சரிக்க என்ன வழி? பட்டறைச் சங்கு வேலை நேரத்துக்கே தினமும் பல தடவை ஊதும். குழப்பம் வரும். ஆகவே கைமணி என்று முடிவு செய்தார்கள். சந்தியாகு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார். "கைமணி அவஸ்தைக்கு உள்ளதுங்க. அதுல கை வைக்காதீங்க."

"யுத்தம் முடியிற வரைக்கும் யாரும் சாகாம இருக்கச் சொல்லுங்கண்ணே" என்றார் ராயப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ அவஸ்தைக்கு வெளக்கும் கூடாதா?"

"கூடாது. மேல இருந்து தெரியும்."

"என் எண்ணெ வெளக்கு அவனுக்கு மேல இருந்து தெரியுதா? அவ்வளவு நல்ல கண்ணா? அப்போ கீழ எறங்கி நம்ம சந்தையில மீன் பாத்து வாங்கித் தரச் சொல்லுங்க."

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் தீர்மானம் மாறவில்லை. கை தூக்கியவர்களை எண்ணினேன். இருபத்தாறு. இருபத்தாறு பேரும் ஞாயிறு பூசை தவறாதவர்கள். அன்று காலைதான் பிரசங்கத்தில், ஆண்டவரை நம்பினவனுக்கு அச்சம் இல்லை என்று கேட்டுத் தலையாட்டியவர்கள்.

என் அக்கா சவேரியம்மாளுக்கு வயிற்றில் கட்டி. மூன்று வாரமாகத் தலை தூக்கவில்லை. அந்த ஞாயிறு மத்தியானம் மூச்சு மாறியது. அவள் கேட்டது ஒன்றுதான். சாவதற்கு முன் நன்மை வாங்க வேண்டும். கட்டிலருகே சின்ன மேசை. வெள்ளைத் துணி. சிலுவையில் பாடுபட்ட சுரூபம். இரண்டு மெழுகுவர்த்தி. எல்லாம் அவள் சொல்லி மருமகள் வைத்தது. அவள் மகன் அந்தோணி கமிட்டியில் இருந்தான். சாமியாரைக் கூப்பிட நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தான். "வெளக்கும் மணியும் இல்லாம கூட்டிட்டு வாங்க மாமா."

சாமியாரும் அதையேதான் நினைத்தார். இளவயதுக்காரர். கமிட்டியோடு சண்டை வேண்டாம் என்றார். நாங்கள் பேசி முடிப்பதற்குள் சந்தியாகு விளக்கை ஏற்றி, கைமணியையும் எடுத்துவிட்டார்.

"சாமி, முப்பது வருஷமா சிமிழுல இருக்கிற இவருக்கு முன்னால வெளக்குப் புடிச்சிருக்கேன். இன்னைக்கு மட்டும் திருடனைக் கூட்டிட்டுப் போற மாதிரி கூட்டிட்டுப் போகமாட்டேன்."

சாமியார் சிமிழைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "சரி, நடங்க" என்றார்.

தெரு முனையில் இஸ்மாயில் பாய் கடை. எங்கள் மணி கேட்டதும் பாய் எழுந்து நின்றார். எப்போதும் நிற்பார். அந்த மாதம் அவர் கடையில் சாமான் வாங்கக் கூடாது என்று சிலர் சொல்லியிருந்தார்கள். அவர் நின்றார். அதைத் தாண்டி நான்காவது வீட்டில்தான் முதல் கூச்சல்.

பள்ளிக்கூட மைதானத்தில் பதுங்குகுழி. இரண்டு நாள் மழை. குழியில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர். அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. இருட்டில் குதித்தார்கள். முதலில் குதித்தவர்கள்மேல் அடுத்தவர்கள். தொப். தொப். பிறகு எண்ண முடியாத சத்தம்.

சந்தியாகு மைதானத்துக்கு ஓடினார். குழி விளிம்பில் விளக்கை உயர்த்திப் பிடித்தார். "ப்ளேன் இல்லீங்க! அவஸ்தை மணிங்க! ஏறி வாங்க!" வெளிச்சத்தில் முகங்கள் தெரிந்தன. சிலர் கை நீட்டினார்கள். பாய் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார். குப்புறப் படுத்து ஒவ்வொருவராக இழுத்தார். ஐந்து பேர் மேலே வந்தார்கள்.

"வெளக்க அணைடா!"

ராயப்பன் குரல். கல் எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. கண்ணாடி உடைந்தது. இருட்டு. பின்னால் வந்த கும்பல் விளிம்பு தெரியாமல் மோதியது. சந்தியாகு உள்ளே விழுந்தார். அவர்மேல் மற்றவர்கள்.

டார்ச் வந்து அவரை வெளியே எடுக்க அரை மணி ஆனது. வாய் நிறையச் சேறு. சாமியார் சேற்றில் முழங்காலிட்டு அவருக்கு எண்ணெய் பூசினார். அக்காவுக்காகக் கொண்டுவந்த எண்ணெய்.

பிறகு அக்கா வீட்டுக்குப் போனோம். மணி இல்லை. விளக்கு இல்லை. வீடு திறந்து கிடந்தது.

உள்ளே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

மகனும் மருமகளும் குழிக்கு ஓடும்போது இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் ஓடினார்கள். தலை தூக்க முடியாதவள் தானே ஏற்றியிருக்கிறாள். போர்வைமேல் தீக்குச்சிகள். எண்ணினேன். ஏழு. அக்காவின் உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை. சாமியார் நெற்றியில் மட்டும் எண்ணெய் தொட்டு வைத்தார். சிமிழை அப்படியே திரும்பக் கொண்டுபோனார்.

அந்தோணி பத்து நாள் கழித்து என்னிடம் சொன்னான். மணி கேட்டதும் அவன் அம்மாவைத் தூக்கப் போயிருக்கிறான். அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"அது நம்ம வீட்டுக்கு வர்ற மணிடா. நீங்க போறதுன்னா போங்க. எனக்கு ஆள் வருது" என்றாளாம்.

அவன் போனான்.

சந்தியாகு மணியடித்ததுதான் தப்பு என்று கமிட்டி எழுதி வைத்தது. அந்த விளக்கு விமானத்துக்குப் பாய் காட்டிய சைகை என்று வேறு பேச்சு கிளம்பியது. பாய் கையால் மேலே வந்த ஐந்து பேரில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அவர் கடையை மூடிக்கொண்டு தென்னூருக்குப் போய்விட்டார். ராயப்பன் பங்கு பேரவைக்குத் தலைவரானார். குழியை மூடி அதன்மேல் கொடிக்கம்பம் நட்டார்கள். இப்போது கேட்டால், அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்கிறார்கள். எனக்கு எண்பத்தாறு வயது. எழுதாமல் போனால் இது என்னோடு போய்விடும்.

ஆகவே கணக்கு.

செத்தவர்கள் இரண்டு. கோயில்பிள்ளை சந்தியாகு. என் அக்கா சவேரியம்மாள். கை கால் முறிந்தவர்கள் ஒன்பது. தெருவை விட்டுப் போன குடும்பம் ஒன்று. உடைந்த விளக்கு ஒன்று. கைமணி சேற்றில் போனது, கிடைக்கவில்லை. கொடுக்காமல் திரும்பிய நன்மை ஒன்று.

திருச்சியில் விழுந்த குண்டு, ஒன்றும் இல்லை.

மணி கேட்டு ஓடியவர்களை எண்ண முடியவில்லை. எழுந்து நின்றவர் ஒருவர். விளக்கேற்றிக் காத்திருந்தவள் ஒருத்தி.

மணி கேட்டு முழங்காலிட்டவர்கள், யாரும் இல்லை.