எங்கள் வீட்டு நாக்கு

கிளிசரின் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறமில்லாமல், தண்ணீரைவிடக் கனமாக, குப்பியைச் சாய்த்தால் சோம்பலாக நகரும். காபியைக் குடியுங்கள், அரசு வழக்கறிஞர் அம்மா. ஆறினால் எங்கள் மலைக் காபி கசக்கும். அவசரமில்லை, நான் எங்கும் போகப் போவதில்லை. முற்றத்துக் கதவைத் தாண்டினால் காலில் மாட்டிய இந்தப் பட்டை சத்தம் போடுமாம். எழுபத்தொன்பது வயதுக்காரனை நீங்கள் சிறைக்கு அனுப்புவதில்லை. அவன் வீட்டைச் சிறையாக்கிவிட்டுப் போகிறீர்கள்.

என் பெயர் எவாரிஸ்தோ வால்தெனேப்ரோ; ஊர்க்காரர்கள் மரியாதைக்குத் தொன் எவாரிஸ்தோ என்பார்கள். வால்தெனேப்ரோ என்பது இந்தச் சதுக்கத்து மருந்துக்கடையின் பலகையில் என் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கிற பெயர். மருந்துக்கென்று ஒரு தரம், சமையலுக்கென்று ஒரு தரம், பட்டறைக்கென்று ஒரு தரம் எனக் கிளிசரினைப் பிரித்து விற்றோம். இருமல் பாகும் முகக் களிம்பும் செய்கிறவர்களுக்கு முதலாவது. கேக்கின் மேல் பூசும் சர்க்கரை காய்ந்து வெடிக்காமலிருக்க இரண்டாவது. தோலுக்கு மெருகேற்றுகிறவர்களுக்குக் கடைசித் தரம். இ-சிகரெட் வந்த பிறகு, அதில் ஊற்றும் திரவத்தை வீட்டிலேயே கலக்கிறவர்கள் வந்து எது மலிவு என்று கேட்பார்கள். நுரையீரலுக்குள் போவதற்கு மருந்துத் தரத்தைத் தவிர வேறெதையும் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்து முடிதிருத்தும் கடை ராபின்சனிடம் கேளுங்கள். கோபித்துக்கொண்டு போய், மறுநாள் வந்து நல்லதை வாங்கிப் போனவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனமில்லாதவன் அல்ல.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பீப்பாய் வந்தால் வீட்டுக்கு மூத்தவர் கடைப் படியில் நின்று, ஊர் பார்க்க, ஒரு துளியை நாக்கில் வைப்பார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எங்கள் பெயர்ச்சீட்டை ஒட்டுவோம். பீப்பாயோடு வரும் தரச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. என் தந்தை ஒரு பீப்பாயைத் துப்பிவிட்டுத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மகன் அன்செல்மோவுக்கு அந்த நாக்கு வாய்க்கவில்லை. ஸ்பெயினில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அவன் மனைவி நூபியாவும் ஆறு வயது மகள் வியோலெத்தாவும் என்னோடு இருந்தார்கள்.

நெடுஞ்சாலை மறியல் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்த சமயம் அது. வழக்கமான லாரி வரவில்லை. மலைப்பாதை வழியாக வேறொரு வியாபாரி ஒரு பீப்பாய் கொண்டுவந்தார். மூடியின் முத்திரை நெகிழ்ந்திருந்தது. நூபியா தலைநகர் பொகோட்டாவில் வேதியியல் படித்தவள். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது நகலுக்கு நகல். ஒரு வாரம் ஓரமா வைங்க. நான் படிச்ச இடத்துல சோதிச்சுச் சொல்லிடுவாங்க."

நான் படியில் நின்று நாக்கில் வைத்தேன். ராபின்சன் கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"என்ன தொன் எவாரிஸ்தோ, பொண்ணு பார்க்கப் போனவர் மாதிரி கண்ணை மூடிட்டு நிக்கிறீங்க? பிடிச்சிருக்கா இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். இதுவரை வந்ததிலேயே இனிப்பானது இதுதான் என்றேன். அது உண்மை. இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

அந்தக் கிளிசரினில் இருமல் பாகு செய்து விற்றோம். குளிர்காற்று அடித்த மாதம், நன்றாகப் போனது. நூபியா எனக்குத் தெரியாமல் ஒரு குப்பியை பொகோட்டாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கிருந்து தொலைபேசி வந்ததும் சமையலறைக்கு வந்தாள். நான் அடுப்பில் சோளமாவு அரேப்பாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அதுல பாதி கிளிசரினே இல்ல. வண்டி ரேடியேட்டர்ல ஊத்துற சாமானாம். அதுவும் இனிக்கும். சிறுநீரகத்தையே முடிச்சிடும். இப்பவே ஊருக்குச் சொல்லணும்."

அவள் அழவில்லை. அதற்காக அவளை மதித்தேன். சுகாதார அலுவலகத்துக்குக் காகிதம் வேண்டும், நீயே போய்க் கையெழுத்தோடு வாங்கி வா, ஊருக்கு நான் சொல்கிறேன், என் வாயால் சொன்னால்தான் நம்புவார்கள் என்றேன். அதுவரை ஒரு புட்டியும் விற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். விற்கவும் இல்லை. நான் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை, அதனால் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் போன பின் சாலை முழுவதுமாக அடைபட்டது. அப்படி அடைபடும் என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். அவள் கிளம்பிய அன்று காலையே வானொலியில் சொன்னார்கள்.

சந்தை நாளன்று கடை முன் கூட்டம் கூடியது. ராபின்சன், அந்தக் கிளிசரினைக் கலந்த இ-சிகரெட் புகை தொண்டையைக் கிழிக்கிறது என்றார். சதுக்கத்தில் எம்பனாதா பொரித்து விற்கும் லிகியா, தன் கணவருக்குச் சிறுநீர் நின்று முகம் வீங்கிவிட்டது என்றாள். பாகுப் புட்டிகளைக் கையில் கொண்டுவந்திருந்தார்கள்.

சொல்லத்தான் படிக்கு வந்தேன். நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அது என் பாட்டனார் நின்ற படி, என் தந்தை நின்ற படி. அதில் நின்று, என் நாக்கு தவறிவிட்டது என்று சொல்லும் முதல் வால்தெனேப்ரோ நானாக இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் பலகை, முகத்துக்கு முன்னால் ஊர். இந்தப் பட்டையை நீங்கள் இப்போதுதான் மாட்டினீர்கள். நான் அன்றைக்கே அசைய முடியாமல் நின்றுவிட்டேன்.

உள்ளே போய், பழைய பீப்பாயில் செய்த பாகு ஒரு புட்டி மீதியிருந்ததை எடுத்துவந்தேன். எல்லோரும் பார்க்க ஒரு கரண்டி குடித்தேன். கூட்டம் தளர்ந்தது. பலர் தங்கள் புட்டிகளைப் பைக்குள் திரும்ப வைத்தார்கள். அதைப் பார்த்தேன். லிகியா மட்டும் நகரவில்லை.

"அது உங்க புட்டி, தொன் எவாரிஸ்தோ. இது என் புருஷன் குடிச்ச புட்டி. அதோ, உங்க பேத்தி இருமிக்கிட்டு உக்காந்திருக்கா. இதுல ஒரு கரண்டி அவளுக்குக் குடுங்க. நான் வாயை மூடிக்கிட்டு என் அடுப்பைப் பார்க்கப் போறேன்."

"பெரியவர்கிட்ட இப்படியா பேசுறது, லிகியா" என்றார் ராபின்சன். சொல்லிவிட்டு அவரும் காத்திருந்தார்.

கொடுத்தேன். லிகியா புட்டியைத் திரும்ப வாங்கவில்லை. "சீட்டுல மூணு வேளைன்னு போட்டிருக்கே" என்று கல்லாமேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலையும் மறுநாளும் கூடையோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். அவள் பார்க்கக் கொடுத்தேன். அவள் வராத வேளைகளும் இருந்தன. அப்போது கரண்டியைத் தொட்டியில் கவிழ்த்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஊர் முன் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என்று வாழ்ந்தவன் நான் அல்ல. அப்போதும் கொடுத்தேன்.

நூபியா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, சொல்லிட்டீங்களா?"

"பேசிட்டேன்மா."

"வியோலெத்தா என்ன பண்றா? இருமல் இருந்துச்சே?"

"மருந்து குடிச்சிட்டுத் தூங்குறா."

இரண்டிலும் பொய் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். என்ன மருந்து என்று கேட்டாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவள் மறியல் கற்களையும் எரியும் டயர்களையும் தாண்டி நடந்தே வந்தாளாம். வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு நினைவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு இந்த வீட்டுக்குள் அவள் வரவில்லை. ராபின்சன் இப்போது தன் நாற்காலியை எங்கள் சுவருக்கு முதுகு காட்டிப் போட்டிருக்கிறார்.

வந்தவுடன் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தீர்கள். லிகியாவின் கணவர் பெயர் முதலில் இருந்தது. மற்றவர்களும் சந்தை நாளன்று புட்டியைப் பைக்குள் திரும்ப வைத்தவர்கள்தான். எல்லாப் பெயருக்கும் நான் ஆமாம் என்றேன். கடைசிப் பெயரை மட்டும் வாசிக்காமல் தாளை மடித்துவிட்டீர்கள். அது மரியாதைக்காக என்று புரிந்துகொண்டேன், ஆனாலும் தேவையில்லை. தெரிந்துதான் கொடுத்தேன். என்ன செய்யும் என்றும் தெரிந்துதான் கொடுத்தேன்.

இன்னும் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் அத்தனை பேர் அதைக் குடித்தார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வியோலெத்தா மட்டும் இரண்டாவது கரண்டியை வாயிலேயே வைத்திருந்து, கண்ணை மூடி, என்னைப் போலவே கொஞ்சம் யோசித்தாள்.

"தாத்தா, போன மாசம் குடுத்ததைவிட இது ரொம்ப இனிக்குது."

அன்செல்மோவுக்கு வாய்க்காதது அவளுக்கு வாய்த்திருந்தது. கடையை அவள் பெயருக்கு எழுதிவைப்பது என்று அப்போதே முடிவுசெய்தேன்.