மூணாம் நம்பர் விளக்கு

நீங்க தமிழ்ல கேக்கறதே பெரிய ஆறுதலா இருக்கு சார். நிதானமாவே சொல்றேன்.

எம்பேரு பெரியண்ணன். இங்க டெல்லியில, ஓக்லாவுல ஒரு குடோன்ல அலாரம் பாத்துக்கற வேலை. போன வருஷம், எண்பத்தாறுல, வெளிநாட்டு சென்சார் வந்துச்சு. கூட வந்த புத்தகத்தை அகராதி வச்சுப் படிச்சு நானே மாட்டினேன். மனுஷ ஒடம்பு எப்பவும் சூட்டை விட்டுக்கிட்டே இருக்கு. செவுத்துச் சூடு வேற, ஒடம்புச் சூடு வேற. ஒருத்தன் நகர்ந்தா அந்த வித்தியாசத்தை சென்சார் புடிச்சிரும். எம் மேசையில அந்த ரூமோட விளக்கு எரியும்.

வடிவேல் அங்க மூட்டை தூக்கறவன். மத்தவங்களுக்கு நான் "ஏ மதராஸி". தமிழ்ல பேச அவன் ஒருத்தன்தான். சென்சார் முன்னால இடுப்பை ஆட்டிட்டு, "பெரியண்ணே, ஒன் மெஷினுக்கு எம்மேல ஒரு கண்ணு"ம்பான்.

அந்த ஞாயித்துக்கிழமை பையோட வந்தான்.

"பொண்ணு பொறந்திருக்குண்ணே. சாயங்காலம் ஊருக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ் புடிக்கறேன். இனி இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். நீ யாருக்காகண்ணே இங்க உக்காந்திருக்கே?"

சிரிச்சுக்கிட்டுதான் கேட்டான்.

மூணாம் நம்பர் ரூம்ல ஒரு பெட்டி எறக்கணும்னு கூப்பிட்டேன். தகர ஷெட்டு, ஜன்னல் கிடையாது. உள்ள போனதும் பூட்டினேன். அவன் ரயிலை விட்டுட்டா போதும்னுதான்.

அப்ப மணி பன்னெண்டு. விளக்கு விடாம எரிஞ்சுது. தட்டினான். "தண்ணிண்ணே"ன்னான். லீவு நாளு, தெருவே காலி. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வச்சேன். விளக்கைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். தனியா சாப்பிடற மாதிரியே இல்ல சார்.

ரெண்டரைக்கு விளக்கு அணைஞ்சுது. காரணம் எனக்குத் தெரியும். தகரம் காஞ்சு, ரூமும் ஒடம்பும் ஒரே சூடாயிட்டா மெஷினுக்கு ஆள் தெரியாது. ஜூன் மாசத்துல வர்ற கோளாறு, மொதலாளிகிட்டயே சொல்லியிருக்கேன். அவன் உள்ளதான் இருக்கான், மெஷினுக்குத்தான் தெரியலைன்னு உக்காந்திருந்தேன்.

ஆறே முக்காலுக்கு ரயில் போயிருக்கும். ஏழரைக்கு மேல தகரம் ஆறிச்சு. விளக்கு எரியல. அசையாத ஆளையும் அது பாக்காது. அதுவும் புத்தகத்துல இருக்கு.

எட்டு மணிக்குத் தெறந்தேன். சாக்கு மேல ஒருக்களிச்சுக் கெடந்தான். சட்டையைக் கழட்டி தலைக்கு வச்சிருந்தான். தொட்டேன். ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சு. கூப்பிட்டேன், பேசல. கோவமா இருப்பான்னு நெனச்சேன்.

கதவைச் சத்தம் வராம சாத்தித் திரும்பவும் பூட்டினேன். மறுநாளும் அதே ரயில் இருக்கே சார்.