பூசணிக்காய்க்கு வேண்டிய மூச்சு

எனக்குச் சத்தமாகப் பேசுகிறவர்களைப் பிடிக்கும். அவர்கள் வாயிலிருந்து நிறையக் காற்று வருகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் மாணவி. இந்தக் கண்ணாடிக் கூடத்துக்குள் இருக்கும் ஒற்றைப் பூசணிக்கொடிதான் என் பட்டம். அதில் ஒரே ஒரு காய். காய் தானாகப் பெருப்பதில்லை. இலைதான் வெயிலில் நின்று, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சர்க்கரை சமைக்கும். காய் உட்கார்ந்த இடத்தில் தின்னும். கொஞ்சத்தை மூச்சுவிட்டே தீர்க்கும், மிச்சத்தில் பருக்கும். பல காய் விட்டால் எல்லாமே சூம்பிப்போகும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளிவிட வேண்டும்.

இது புத்தகத்தில் படித்ததல்ல. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கினார். அம்மா ஊரார் வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்தாள். என்னைவிட நன்றாகப் படித்த தங்கச்சியை எட்டாவதோடு நிறுத்தித் தையல் கடைக்கு அனுப்பினார்கள். "அழாதடி, அக்கா ஒருத்தியாவது மேல வரட்டும்" என்றாள் அம்மா. அதை யாரும் குற்றம் என்று எழுதிக்கொள்ளவில்லை.

போன வாரம் துறைத்தலைவர் கொடிக்கு நான் வைத்திருந்த கரியமில வாயு சிலிண்டரை நிறுத்தினார். காய் அப்படியே நின்றுபோனது. ஈரத்துக்குப் பயந்து போன்களை வெளியே வைத்துவிட்டு, கணக்கரையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்.

"காத்துக்குப் போய் யாராவது சிலிண்டர் கேப்பாங்களா?"

"அது இல்லன்னா காய் வளராது சார்."

"வளராட்டி போகுது. நாளைக்குப் பறிச்சு வரவேற்பு மேஜைல வை, பாக்க லட்சணமா இருக்கும். உங்க வீட்டுல நீ இவ்வளவு படிச்சதே பெரிசும்மா."

கணக்கர் அடிவயிற்றிலிருந்து சிரித்தார். இலைகள் அசைந்தன. இத்தனை காற்றும் வீணாகிறதே என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

வெளியே வந்து கதவைத் தாழிட்டேன். இடுக்குகளில் டேப் ஒட்டினேன். அவ்வளவுதான்.

முதலில் நன்றாகக் கத்தினார்கள். வளர்ச்சியை அளக்கக் காயைச் சுற்றி நான் கட்டியிருந்த நூல் இறுகி, அறுந்தே போனது. சொட்டுநீர்க் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார்கள். கொடியின் தண்ணீர்தான், இருந்தாலும் நான் கோபப்படவில்லை. பிறகு சத்தம் குறைந்தது. "பேசுங்க சார், மீட்டிங்னா விடாமப் பேசுவீங்களே" என்று கண்ணாடியைத் தட்டினேன். காய் மறுபடி நின்றுவிட்டது. அவர்கள் இருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்களே தொட்டுப் பார்த்துவிட்டீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தது நான்தான் ஐயா. நல்ல திடமான ஆளாக ஒருவரை அனுப்பச் சொன்னேன். உள்ளே ஈரம் அதிகம், போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்றபோது நீங்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள்.

உள்ளே நின்று கதவை உதைக்க வேண்டுமானால் உதையுங்கள், அது உடையாது. மூச்சு நன்றாக வாங்கும்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. என்னை எப்படி வளர்த்தார்களோ, அப்படித்தான் நானும் இதை வளர்க்கிறேன்.