பல்செட்காரர்கள் கடல் கடக்கும்போது

நடுநாயகமாய் வீற்றிருந்து இந்த நல்விழாவை நடத்தித் தரும் தலைவர் அவர்களே, சங்கத்தை நட்டு, நீரூற்றி, நிழல் தரும் அளவுக்கு வளர்த்துவிட்டு இன்று அதே நிழலில் சற்றே சாய்ந்து அமர்ந்திருக்கும் மூத்தவர்களே, நான் எழுந்த உடனேயே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பொருளாளர் அவர்களே, வேலைக்கூடத்தில் ஒரு வேலை, வீட்டில் இன்னொரு வேலை என்று இரண்டையும் முடித்துவிட்டு வந்தும் முகம் வாடாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, புருவத்தில் பிளாஸ்டர் தூசி இன்னும் போகாத தம்பிமார்களே, தங்கைமார்களே! எல்லாருக்கும் மேலாக, வருகிற வாரம் விமானம் ஏறி, கடல் கடந்து, கடற்கரை விடுதி ஒன்றில் நடக்கும் பல்செட் செய்வோர் கருத்தரங்குக்குச் செல்லவிருக்கும் நம் நால்வரே! உங்கள் அனைவரையும் நெஞ்சு நிறைய வாழ்த்தித் தொடங்குகிறேன்.

வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிடு என்று தலைவர் சொல்லியிருக்கிறார். வாழ்த்து மட்டும் வழிக்குத் துணை வருமா? வாழ்த்து பெட்டியைத் தேடித் தருமா? வாழ்த்து வெயிலில் குடை பிடிக்குமா? சென்ற ஆண்டு போய்ப் பட்டு வந்தவன் நான். பட்டதைச் சொல்லாமல் அனுப்பினால் நீங்களும் பட்டுக்கொண்டு வருவீர்கள். எனவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சட்டைப்பையில் பேனா இல்லாமல் இருந்தாலும் இருப்போம், மெழுகு சீவும் கத்தி இல்லாமல் இருக்கமாட்டோம். பொருளாளர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லித்தான் ஆகவேண்டும். போன தடவை அந்தக் கத்தியோடு அவர் விமான நிலையச் சோதனை வாசலுக்குள் நுழைந்தார். மணி அடித்தது. காவலர் கத்தியை வெளியே எடுத்தார். நம்மவர் பயந்தாரா? பதுங்கினாரா? பல்செட் செய்வது எப்படி என்று அந்தக் காவலருக்கு வகுப்பு எடுத்தார். கத்தி குப்பைத் தொட்டிக்குப் போனது, விமானத்தில் கடைசியாக ஏறியவர் என்ற பெருமை சங்கத்துக்கு வந்தது. ஆகவே கத்தி, ஊசி, உளி எல்லாம் பெரிய பெட்டிக்குள்ளே. மாத்திரையும், ஒரு மாற்று உடையும், மேடையில் நீங்கள் காட்டப்போகும் பொருளும் கைப்பைக்குள்ளே. பெரிய பெட்டி எந்த ஊருக்குப் போகும் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. கைப்பை உங்களை விட்டு எங்கே போகும்?

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசையில்? கோட்டு கொண்டுபோகலாமா என்றா? தாராளமாக. ஆனால் தெரிந்துகொண்டு போங்கள். அரங்கத்துக்குள்ளே பற்கள் தாளம் போடும் குளிர். கதவைத் திறந்து வெளியே வந்தால் தலை கொதிக்கும் வெயில். உள்ளே போட ஒன்று, வெளியே கழற்ற ஒன்று. காலுக்கு உறுதியான செருப்பு வேண்டும், ஏனென்றால் விடுதி அறையிலிருந்து அரங்கம் வரை மணல், மணல், மணல். பளபளக்கும் காலணியோடு போனவர்கள் பாதி வழியில் ஒற்றைக்காலில் நின்று மணலைக் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன். விடுதி நகரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்கும். வரவேற்க வண்டி வருமா, எந்த வாசலில் நிற்கும் என்று கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே சுவரில் இருக்கும் துளை வேறு, நம் பிளக் வேறு. அதற்கு ஒரு அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள். பிறகு, சாப்பாட்டு மேசை. நால்வரும் ஒரே மேசையில் வட்டமாக உட்கார்ந்து நம் சங்கத் தேர்தலைப் பற்றிப் பேசுவதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம், அதை இங்கேயே பேசலாம். ஆளுக்கொரு மேசைக்குப் போங்கள். அரைகுறை ஆங்கிலம் போதும். பல்லைக் காட்டினால் எந்த நாட்டிலும் நம் தொழில்காரன் நின்று பார்ப்பான்.

கடல்! அதை மறப்பேனா? அலை அழைக்கும், ஆசை இழுக்கும். குளியுங்கள், கூத்தாடுங்கள், யார் வேண்டாம் என்றது? உங்கள் பேச்சு முடிந்த பிறகு குளியுங்கள். சென்ற ஆண்டு மூக்கு உரிந்து, கண் சிவந்து, காதில் தண்ணீரோடு மேடை ஏறிய வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் கேள்வி கேட்கவே கூட்டம் தயங்கியது.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். இனி சொல்லப்போவது நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழை. காது கொடுத்துக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் சார்பில் முதன்முதலாகப் பேச அழைக்கப்பட்டவர் நம் பெண் உறுப்பினர் ஒருவர். இந்த ஆண்டும் போகிற நால்வரில் ஒருவர். அதோ, முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். ஒற்றை அறை வேலைக்கூடம், அடுப்பங்கரைக்கு அடுத்த அறை. அவருடைய கருத்து எளிமையானது. பற்களை மெழுகில் நிறுத்தியதும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக் ஊற்றிக் கெட்டிப்படுத்த அனுப்பாதீர்கள், அணியப்போகிறவரை அதைப் போட்டுக்கொண்டு பேசச் சொல்லுங்கள், அவர் பேச்சு பழைய பேச்சாக வரும் வரை பல்லை மெழுகிலேயே நகர்த்துங்கள் என்பதுதான். அதைக் காட்டுவதற்காக மெழுகில் நிறுத்திய பல்வரிசைகளைப் பஞ்சில் பொதிந்து, பெற்ற பிள்ளையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தார். துணைக்கு அவருடைய மாமியார் வந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். அந்தக் குரலை ஊரே அறியும். அம்மையார் அருகில் இருந்தால் ஒலிபெருக்கிக்கு வேலையே இல்லை.

பேசவேண்டிய நாள் காலை. பல்வரிசைகளைக் கண்ணாடிச் சன்னலோரம் இருந்த மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் இருவரும் காலை உணவுக்குப் போனார்கள். ஓடியதா? அன்பர்களே, அந்த விடுதிகளில் கதவைத் திறக்கிற அட்டையைச் சுவரிலுள்ள ஒரு துளையில் செருகி வைத்தால்தான் அறையில் மின்சாரம். அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனால் விளக்கும் போகும், ஏசியும் போகும். அட்டை இவர் கைப்பையில். திரைச்சீலையோ கடல் தெரியவேண்டும் என்று விலக்கி வைத்திருந்தது. கிழக்குப் பார்த்த கண்ணாடி. வெயிலுக்கு வேறென்ன வேண்டும்?

திரும்பி வந்தபோது மெழுகு இளகிவிட்டிருந்தது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நான் போய்க் கதவைத் தட்டியபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த அமர்வில் அவர் பெயர். திரும்ப நிறுத்த நேரம் இல்லை. கணினியில் படங்கள் இருக்கின்றனவே என்று நான் ஆறுதல் சொன்னேன். படத்தில் பல்லைக் காட்டலாம், பேச்சை எப்படிக் காட்டுவது என்று அவர் கேட்டார். மாமியார் சன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் பேசாமல் இருந்தது எனக்கு வியப்பாக இருந்தது, காரணம் மட்டும் புரியவில்லை.

மேடை ஏறினார். கணினிப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மருமகள் பேசினார். நன்றாகத்தான் பேசினார், ஆனால் கூட்டத்தில் பாதிப்பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் சங்கத்தை இனி யார் அழைப்பார்கள் என்று நான் கவலைப்படத் தொடங்கினேன். அப்போது முன்வரிசையில் இருந்து, நம் துறையில் பெரிய பெயருள்ள ஒருவர் எழுந்தார். கேலியாக அல்ல, மிகுந்த மரியாதையோடு கேட்டார். இதெல்லாம் சரி, இப்படிச் செய்தால் பேச்சு உண்மையிலேயே பழையபடி வருகிறது என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டார்.

சான்று இருந்தது. அந்த அரங்கத்திலேயே இருந்தது. அது நம் உறுப்பினருக்குத் தெரியும். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்தார். ஏன் சொல்லவில்லை? அது அவர் சொல்லக்கூடிய செய்தி அல்ல.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மாமியார்! அந்த நீண்ட அரங்கத்தின் நடுவழியே, யாரையும் பார்க்காமல், நிமிர்ந்து நடந்து வருகிறார். மேடை ஏறினார். மருமகள் மெல்லச் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

"வேணாம் அத்தை. இது போனா போகட்டும். நீங்க சொல்ல வேணாம்."

"நீ சும்மா இரு. மைக்க இப்படிக் குடு."

வாங்கினார். தொலைபேசி நிலையத்தில் பேசிய அதே தோரணையில், அதே தெளிவில், எண்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். காத்திருங்கள், இணைக்கிறேன், பேசுங்கள் என்று சொன்னார். ஒரு சீறல் இல்லை, ஒரு காற்றொழுகல் இல்லை, ஒரு குழறல் இல்லை. கூட்டம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டது. பிறகு தமிழில் சொன்னார்.

"இது என் சொந்தப் பல்லு இல்ல. மேலயும் கீழயும் எல்லாமே என் மருமக செஞ்சது. பல்லு போனப்ப நான் ஃபோன எடுக்கிறதையே விட்டுட்டேன். இவதான் என்னை உட்கார வெச்சு, பேசுங்க பேசுங்கன்னு மெழுகுல மாத்தி மாத்தி வெச்சா. என் குரலத் திருப்பிக் குடுத்தவ இவ."

மருமகள்தான் மொழிபெயர்க்கவேண்டும். அவரோ மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் ஓட்டை ஆங்கிலத்தில், நின்ற இடத்திலிருந்தே நான் கத்தினேன். இலக்கணம் செத்தது, ஆனால் செய்தி போய்ச் சேர்ந்தது. கேள்வி கேட்டவர் முன்னே வந்து, அனுமதி கேட்டு, அம்மையாரின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். அரங்கமே எழுந்தது!

இப்போது புரிகிறதா, காலையில் அவர் ஏன் சன்னலோரம் பேசாமல் நின்றார் என்று? வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாத செய்தி அது. சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. பழைய அலுவலகத்துத் தோழிகளுக்குத் தெரியாது. இவ்வளவு ஏன், பல்லைப் பார்த்தே பிழைக்கிற எனக்குத் தெரியாது, அதுவும் எதிரே உட்கார்ந்து எத்தனையோ முறை பேசியவன் நான்! அந்த வயதில், அந்தக் கம்பீரத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஒரு மனுஷி அதைச் சொல்கிறார் என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்? மருமகளுக்காகச் சொன்னார். எனக்கு அன்று அழுகை வந்தது. இப்போதும் வருகிறது, மறைக்கவில்லை.

என் அருமைத் தோழர்களே, தோழியரே, இதில் நம் தொழிலின் பெருமையும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. தையல்காரர் தைத்தால் சட்டை தெரியும். கொத்தனார் கட்டினால் சுவர் தெரியும். நாம் நன்றாகச் செய்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது! தெரியாமல் இருப்பதற்காகவே இரவும் பகலும் உழைக்கிறோம். யாரோ சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு நாம் செய்தது. யாரோ மேடையில் முழங்குகிறார், அந்த முழக்கம் நாம் நிறுத்திய பற்களில் பிறந்தது. யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறார், அந்தப் பெயர் பிசகாமல் வருவது நம் விரல்களால். ஆனால் நம் பெயரை யார் சொன்னார்கள்? சொல்லிக்கொள்ள நாமாவது வாய் திறந்தோமா?

திறங்கள்! இந்த முறை திறங்கள்! கழுத்தில் மாட்டித் தருகிற பெயரட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளாதீர்கள், எழுத்து வெளியே தெரியட்டும். யார் செய்தது என்று கேட்டால் கூடத்தில் செய்தோம், குழுவாகச் செய்தோம் என்று நெளியாதீர்கள். நான் செய்தேன் என்று சொல்லுங்கள். நிமிர்ந்து சொல்லுங்கள். நேராகச் சொல்லுங்கள். பேச ஒருவரை அழைத்த இடத்தில் இன்று நால்வரை அழைத்திருக்கிறார்கள் என்றால், அன்று அந்த மேடையில் ஒருவர் வாய் திறந்ததால்தான். இன்னொன்று, அறையை விட்டுப் போகும்போது கதவு அட்டையை எடுத்தால் மெழுகைத் தரையில் நிழலான இடத்தில் வைத்துத் திரைச்சீலையை மூடிவிட்டுப் போங்கள். உணர்ச்சிவசத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று பொருளாளர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். நன்றி, ஐயா.

முடிக்கும் முன் ஒன்று. இந்தக் கதையை உங்கள் முன் சொல்லலாமா என்று கேட்க நேற்று அந்த அம்மையார் வீட்டுக்குப் போனேன். அங்கே அந்நியர் நடுவே சொன்னது வேறு, இங்கே அறிந்தவர் நடுவே சொல்வது வேறு அல்லவா? வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்.

"தாராளமா சொல்லுங்க. யாரோ ஒரு மாமியார்னு மட்டும் சொல்லிடாதீங்க. எந்த வரிசையில உட்கார்ந்திருக்கேன்னு கை காட்டுங்க, எல்லாரும் பார்க்கட்டும்."

அதோ, முதல் வரிசையில், மருமகளுக்கு வலப்பக்கம். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், அவர் சிரிக்கிறார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கு நன்றி, இடையிடையே கேள்வி கேட்ட பின்வரிசைக்கு நன்றி. போகிற நால்வரும் புகழோடு திரும்பி வருக. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம், அந்த அம்மையாருக்கு முதல் வணக்கம்.