தையல் மேசைக்கு அடியில் இருபது நிமிடம்

என் பேச்சு தொடங்கும் முன்பே கண்ணை மூடித் தலைப்புக்கு மரியாதை செய்துவிட்ட தலைவர், பெரியவர் தேசிகன் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிரப்பியிருக்கும் மூத்தோரே! விடியலுக்கு முன் விழித்து வீட்டுக்கே விடியலை வார்க்கும் தாய்மாரே! ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு படுக்கையைத் துறந்து, இந்த நீலசந்திரா மன்றத்துக்கு வந்திருக்கும் தியாகச் சுடர்களே! அனைவருக்கும் எத்திராஜின் பணிவான வணக்கம்.

தூக்கத்தின் அருமையைப் பேசச் சொன்னார்கள். பேச எனக்கு என்ன தகுதி? நான் மருத்துவனா? இல்லை. மகானா? என் மனைவி மூன்றாவது வரிசையில் சிரிக்கிறாள். ஐயா, நான் தூக்கத்தைத் துரத்தியவன்! அத்திபெலே பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகளாக சூப்பர்வைசர். அறுபது பெண்கள், அறுபது தையல் மிஷின்கள், நடுவே ஒரே ஒரு விசில். எந்தத் தலை சாய்ந்தாலும் ஊதுவேன். எந்த இமை இறங்கினாலும் ஊதுவேன்.

என்ன அண்ணே? பாவியா? சத்தமாகவே சொல்லுங்கள், மைக்கைத் தரட்டுமா?

போன பங்குனியில் ஒரு நாள், மணி மூன்று. காலர் தைக்கும் வனஜா கண் சொக்கினார். விசிலை வாயில் வைத்தேன். ஊதுவதற்குள் ஊசி அவர் ஆள்காட்டி விரலில் இறங்கி, நகத்தைத் துளைத்து, உள்ளேயே ஒடிந்தது. வெள்ளைக் காலர் சிவந்தது. அவர் அலறவில்லை. “சார், பீஸ் வீணாப்போச்சு சார்” என்றார். அதைத்தான் முதலில் சொன்னார்!

கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சுப்புலக்ஷ்மி ஊசியை எடுத்தார்.

“ராத்திரி எத்தனை மணி நேரம்மா தூங்குறே?”

“நாலு, நாலரை இருக்கும் மேடம். விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு சமைச்சாதான் கம்பெனி வண்டியப் புடிக்க முடியும்.”

“எத்தனை நாளா இப்படி?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து மேடம்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “எனக்கெல்லாம் அஞ்சு மணி நேரமே ஜாஸ்தி மேடம்” என்று மார்தட்டினேன். என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். “நூத்தி எழுபதுக்கு நூத்தி அஞ்சு. இங்க யார் சார் பேஷன்ட்? ராத்திரி ஏழு மணி நேரமாவது தூங்குங்க. மதியம் அசந்து வந்தா ஒரு இருபது நிமிஷம் கண்ணை மூடுங்க. அதுக்கு மேல வேணாம், ராத்திரித் தூக்கம் கெட்டுடும்.”

திருந்தினேனா? நானா? மறுநாளும் ஊதினேன்!

ஒரு வாரம் கழித்து விரலில் கட்டோடு வனஜா வந்தார். மதியம் பத்தே நிமிடத்தில் அறுபது பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். முடித்ததும் தையல் மேசைகளுக்கு அடியில் துணியை விரித்து வரிசையாகப் படுத்துவிட்டார்கள். ஊதினேன். ஒருவரும் அசையவில்லை. மூச்சுத் திணற ஊதினேன்.

“கொஞ்சம் மெதுவா ஊதுங்க சார், தாலாட்டு மாதிரி இருக்குது” என்று ஒரு குரல்.

“வனஜா, எந்திரிம்மா! எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!”

அவர் கண் திறக்கவில்லை. “பிரேக் இன்னும் இருபது நிமிஷம் இருக்குது சார். அது எங்க நேரம்.” குரல் உறுதியாக இருந்தது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்தே படுத்திருந்தார்.

யார் முதலில் எழுகிறார் பார்க்கலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். மிஷின்கள் ஓய்ந்திருந்தன. மின்விசிறி மட்டும் சுழன்றது. அவ்வளவுதான் தெரியும் எனக்கு!

கண் விழித்தால், அறுபது பெண்களும் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சட்டைக் குவியல்மேல் வாய் ஒழுகக் கிடக்கிறேன். எதிரே மேனேஜர் டென்சில்!

“என்ன மேன் எத்திராஜ், டூட்டில குறட்டையா?”

பதினோரு ஆண்டுப் பழியை ஒரே வார்த்தையில் தீர்த்திருக்கலாம் வனஜா. எழுந்து நின்று சொன்னார்: “சாருக்குப் பிரஷர் சார். மதியம் இருபது நிமிஷம் கண்ணை மூடச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்காங்க. பிரேக்ல எங்களையும் தூங்க விடணும் சார்.”

டென்சில் என்னைப் பார்த்தார். அறுபது மிஷின்களும் நின்றன. “ஆமா சார். கொடுத்துடலாம் சார்” என்றேன். வாழ்நாளில் நான் பேசிய சிறந்த மேடைப்பேச்சு அதுதான்!

ஒரு மாதம் பார்ப்போம் என்றார் டென்சில். மதியம் சாப்பிட்டதும் இருபது நிமிடம் விளக்கை அணைத்தோம். மூன்று மணிக்குக் கோணிப்போகும் காலர்கள் குறைந்தன. மாதம் முடிந்தது, மறுபடி விளக்கைப் போடச் சொல்லி யாரும் வரவில்லை.

கை தட்டாதீர்கள், இனிமேல்தான் வம்பே! இருபது நிமிடம் தொழிற்சாலை தந்தது. மிச்சத் தூக்கத்தை யார் தருவது? வீட்டுப் பெண் நாலு மணிக்கே எழும் அதே வீட்டில் விடிந்த பின்னும் குறட்டை விடுவது யார்? தலையைக் குனியாதீர்கள் ஆண்களே, நானும் உங்களில் ஒருவன்! அரிசியைக் களைய ஆண் கைக்குத் தெரியாதா? அடுப்பைப் பற்றவைக்க ஆண் விரல் மறுக்குமா? உறங்கும் உரிமை ஒருவருக்கு, உழைக்கும் கடமை ஒருவருக்கா? அவள் தூங்கட்டும்! அவள் உடம்பு தேறட்டும்! அவள் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கட்டும்!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், கொட்டாவியை மறைத்த கைகளுக்கும் நன்றி. வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுங்கள். ஆண்கள் மட்டும், மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு. வணக்கம்!