முப்பத்து நான்காவது இலை

ஆறு மணி நேரம், பத்து நிமிடம். வற்றிக் கிடக்கும் உப்பங்கழியில் கடல் ஏறி நிரம்ப அவ்வளவு ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து வீட்டு ஜெயமணியின் பெரியம்மா கிளாரா சொன்னது இது. அறுபத்தேழாம் வருடம், மாசி வெயில். கிளாராவும் அவள் சிநேகிதி விசாலாட்சியும் அந்தமானின் பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி போர்ட் பிளேர் வந்தார்கள். காலையில் நூலகம், பிறகு தாவரவியல் பூங்கா. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பூங்கா அலுவலகத்தில் விசாலாட்சிக்கு வேலைக்கான நேர்முகம். முப்பத்து மூன்று இலைகளை உலர்த்தி ஒட்டிய ஆல்பம் ஒன்றுதான் அவளுக்கு நம்பிக்கை.

அதில் பாதிக்கு மேல் இந்திராணி பறித்தவை. அவர்களுடைய இன்னொரு சிநேகிதி. போன வருடம் தனியாகக் கழிக்குப் போய், சேற்றில் கால் சிக்கி, ஏறிய கடலில் மூழ்கிப்போனாள். இலைகளுக்குக் கீழே இருந்த சீட்டுகளில் அவள் பெயரின் மேல் இப்போது விசாலாட்சியின் பெயர் ஒட்டியிருந்தது. கிளாரா பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள்.

நூலகத்தில் சரியாகப் பத்து மணி. கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் கிளாரா குனிந்தாள். விசாலாட்சியின் புடவைக் கரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது... சேற்று வாடை. தரையில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வங்காளிச் சிப்பந்தி இந்தியில் சத்தம் போட்டார்.

"வெயில்ல வந்தவ எப்படிட்டி நனைஞ்ச?" என்று கிளாரா சிரித்தாள்.

பூங்காவுக்குப் போகும் சாலையில் ஆளே இல்லை. விசாலாட்சியின் புடவையில் ஈரம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பின்னால்... சளக்... சளக்... சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தம். நின்றால் அதுவும் நின்றது.

பூங்காவில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இடுப்பு வரை ஈரம். கிளாரா வீட்டுக்குப் போகலாம் என்றாள். இன்னும் பதினொரு மரத்தின் பெயர் மனப்பாடம் ஆகவில்லை என்றாள் விசாலாட்சி. குளிரில் பல் தந்தியடித்தது அவளுக்கு.

நான்கு மணிக்கு மார்பு வரை.

கிளாரா ஆல்பத்தைப் பிடுங்கித் திறந்தாள். ஒட்டிய பெயர்கள் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தன. கடைசியில், இதுவரை இல்லாத ஒரு தாள். கழியோரத்துக் கண்டல் மர இலை... பச்சையாக. கீழே இந்திராணியின் கையெழுத்து.

"இடம், கழி. நேரம், நாலு பத்து. நீர், கழுத்துக்கு மேல். சேகரித்தவர், இந்திராணி. உடன் இருந்தவர்..."

கிளாரா நிமிர்ந்தாள். "ஏட்டி. அன்னிக்கு நீ கூட இருந்தியா?"

ஈரம் விசாலாட்சியின் வெறுங்கழுத்தைத் தொட்டிருந்தது. கடிகாரத்தில் நாலு ஒன்பது.

"அவ கைய நீட்டினா," என்றாள் விசாலாட்சி. "என் கையில ஆல்பம் இருந்துச்சு. நனைஞ்சிடும்னு... நான் கரையேறிட்டேன்."